ஒரு ஹீட்டர் ராடும் இரண்டு மீட்டர்களும்: வோல்டேஜ், கரண்டிலிருந்து மின்தடையும் மின்திறனும் கணக்கிடும் முழு வழிகாட்டி

போன மார்கழியில் ஒரு காலை, குளியலறைக்கு வெளியே இருந்த பிளக் பாயின்ட்டிலிருந்து கருகல் வாசனை வந்தது. தண்ணீர் காய வைக்கும் ராடு அதில்தான் மாட்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பாயின்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அது ஏன் கருகியது, அடுத்தது எது கருகும் என்ற கேள்வி எனக்குள் அப்படியே இருந்தது. பள்ளியில் படித்த இரண்டே சூத்திரங்களையும் இரண்டு மீட்டர்களையும் வைத்து அதற்கு விடை தேடினேன். அந்தக் கணக்கு முழுவதையும், நான் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு ராடுக்கோ அயர்ன் பாக்ஸுக்கோ இதே கணக்கை அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் சூத்திரங்கள்

பாடப்புத்தகத்தில் மின்னழுத்தம் என்று இருப்பதைத்தான் நாம் வோல்டேஜ் என்கிறோம். அதன் அலகு வோல்ட். மின்னோட்டம் என்பது கரண்ட், அலகு ஆம்பியர். மின்தடை ஓமில் வரும், மின்திறன் வாட்டில் வரும். வோல்டேஜையும் கரண்டையும் அளந்துவிட்டால் மற்ற இரண்டும் கையில்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே இவைதான் அதிகம் வேலை செய்யப்போகின்றன:

மின்திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை

மின்திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை

வர்க்கம் என்றால் அதே எண்ணை அதாலேயே பெருக்குவது, அவ்வளவுதான். மில்லி ஆம்பியரில் அளந்திருந்தால் 1000ஆல் வகுத்து ஆம்பியர் ஆக்கிய பிறகே சூத்திரத்தில் போட வேண்டும். மாணவர்களின் விடை ஆயிரம் மடங்கு தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அளப்பதற்கு முன்: லேபிள் என்ன சொல்கிறது?

என் ராடின் கைப்பிடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அளப்பதற்கு முன்பே இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டிய எண்களை எடுத்துவிடலாம். 1500ஐ 230ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். மின்தடைக்கு, 230ஐ 230ஆல் பெருக்கி 52,900. அதை 1500ஆல் வகுத்தால் 35.3 ஓம்.

இந்த இடத்திலேயே ஒரு விஷயம் உறுத்தியது. நம் வீடுகளில் இருக்கும் சிறிய பாயின்ட் 6 ஆம்பியருக்கு உரியது. பெரிய பவர் பிளக்தான் 16 ஆம்பியர். என் ராடு சிறிய பாயின்ட்டில் மாட்டப்பட்டு, தினமும் அதன் எல்லைக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அரை ஆம்பியர் கூடுதலானதால் மட்டும் ஒரு பாயின்ட் கருகிவிடாது. உண்மையான காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

எப்படி அளப்பது?

வோல்டேஜை அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கரண்டுக்கு, ஒயரை வெளியிலிருந்தே கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரைத்தான் சொல்வேன். எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்பது இதைத்தான். மல்டிமீட்டரிலும் 10 ஆம்பியர் துளை இருக்கும். வீட்டு கரண்டை அதில் அளக்க முயற்சிக்கவே வேண்டாம். கரண்ட் அளக்கும் நிலையில் அந்த மீட்டரின் உள்தடை ஏறக்குறைய பூஜ்யம். சிவப்பு புரோபை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு, வோல்டேஜ் பார்க்கலாம் என்று பிளக் பாயின்ட்டில் நுழைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். கையிலேயே வெடித்துவிடும். ஒவ்வொரு முறையும் புரோபு எந்தத் துளையில் இருக்கிறது, திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே தொட வேண்டும். இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.

கிளாம்ப் மீட்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. ராடின் ஒயரை முழுதாகக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு ஒயரைத்தான் கவ்வ வேண்டும். அதற்காக நான் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் செய்து வைத்திருக்கிறேன்: கனமான ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டு. வெளி உறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நீக்கி, ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் தனித்தனியாக வெளியே எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலுள்ள இன்சுலேஷனிலும் கீறல் விழக்கூடாது. ஒரு சாக்கெட்டில் ராடு, இன்னொன்றில் மல்டிமீட்டர் புரோபு, நடுவே கிளாம்ப். இரண்டு அளவையும் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

பல்பு போன்ற சிறிய கரண்டுகளில் கிளாம்ப் மீட்டர் தடுமாறும். அப்போது அந்த ஒற்றை ஒயரை மீட்டரின் வாய்க்குள் 10 சுற்று சுற்றி, வரும் அளவை 10ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கை ஈரமாக இருக்கக்கூடாது, காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். ராடு தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிய பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். ஓடும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்க்கக்கூடாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால், மீட்டர் வாங்குவதற்கு முன் அதைப் பொருத்துங்கள்.

கணக்கு

புதிதாக மாற்றிய பாயின்ட்டில் எனக்குக் கிடைத்தவை: ராடு போடுவதற்கு முன் 221 வோல்ட். ராடு ஓடும்போது 218 வோல்ட், 6.2 ஆம்பியர்.

மின்தடை: 218 ÷ 6.2 = 35.2 ஓம்

மின்திறன்: 218 × 6.2 = 1352 வாட்

கணக்கில் 221ஐப் போடக்கூடாது. கரண்ட் ஓடும் அதே நேரத்தில் இருக்கும் வோல்டேஜைத்தான் போட வேண்டும். இந்தச் சிக்கலில் ஓமே மாட்டியிருக்கிறார். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம், முதலில் அன்றைய மின்கலங்களை வைத்துத்தான் சோதித்தார். கரண்ட் ஓட ஓட அவற்றின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறாகவே அமைந்தது. பிறகு போகண்டார்ஃப் என்ற அறிவியலாளர் சொன்ன யோசனைப்படி, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு (இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தால் மின்சாரம் தரும் அமைப்பு) மாறினார். அது தந்த அழுத்தம் நிலையாக இருந்தது, சரியான விதியும் கிடைத்தது. 1827இல் புத்தகமாகவும் வெளியிட்டார். நம் தெருவில் யாராவது மோட்டார் போட்டாலே வோல்டேஜ் ஆடுகிறது. ஆகவே இரண்டு எண்களையும் ஒரே கணத்தில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடையை எவ்வளவு நம்பலாம்? கிளாம்ப் மீட்டரில் 2 சதவீதமும் மல்டிமீட்டரில் 1 சதவீதமும் பிழை இருக்கலாம் என்று வைத்தால், விடையில் 3 சதவீதம் வரை ஆடலாம். கால்குலேட்டர் 35.16129 என்று காட்டும். நாம் 35 என்று எடுத்துக்கொண்டாலே போதும். லேபிளின் 35.3 அதற்குள் அழகாகப் பொருந்துகிறது. ராடு சரியாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் லேபிளில் இருந்த 1500 வாட் எங்கே போனது? எங்கும் போகவில்லை. ராடுக்கு நிலையாக இருப்பது அதன் தடை; வாட் அல்ல. வோல்டேஜ் குறைந்தால் வாட்டும் குறையும், அதுவும் வர்க்கமாகக் குறையும். மாலையில் 180 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 180ஐ 180ஆல் பெருக்கி 35.2ஆல் வகுத்தால் 920 வாட்தான். வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம், சூடு குறைந்ததோ கிட்டத்தட்ட 39 சதவீதம். "லோ வோல்டேஜில் தண்ணீரே காய மாட்டேங்குது" என்று அம்மாக்கள் சொல்வதில் துளியும் மிகை இல்லை.

விடையைச் சரிபார்க்க மூன்று வழிகள்

ஒன்று, ராடு ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரண்டு சிறிய பின்களுக்கு நடுவே அளப்பது (பெரிய பின் எர்த்). எனக்கு 34.8 காட்டியது. புரோபுகளை ஒன்றோடொன்று தொட வைத்தபோது 0.4 காட்டியதால் அதைக் கழித்து 34.4 ஓம். ஓடும்போது வந்த 35.2ஐ விட இது சற்றுக் குறைவு, அப்படித்தான் இருக்க வேண்டும். ராடுக்குள் இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. சூடேறினால் அதன் தடை கொஞ்சம்தான் கூடும்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குத் தண்ணீர், தெர்மாமீட்டர், கைக்கடிகாரம் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4186 ஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக 20 × 18 × 4186, அதாவது சுமார் 15,07,000 ஜூல். இதை 1352ஆல் வகுத்தால் 1115 விநாடி, பதினெட்டரை நிமிடம். கொஞ்சம் சூடு வாளி வழியாகவும் ஆவியாகவும் போய்விடும் என்பதால் நடப்பில் ஓரிரு நிமிடம் கூடும். இதே வாளி 180 வோல்ட்டில் 27 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் செலவாகும் மின்சாரம் இரண்டிலும் ஏறக்குறைய 0.42 யூனிட்தான், ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். லோ வோல்டேஜால் நேரம்தான் போகும், பில் குறையாது.

மூன்றாவது, வாசலில் இருக்கும் இ.பி. மீட்டர். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ராடை மட்டும் ஓடவிட்டு, 10 மினுக்கலுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். எனக்கு 8.3 விநாடி ஆனது.

கிலோவாட் = 3600 × மினுக்கல் எண்ணிக்கை ÷ (3200 × விநாடி)

36,000ஐ 26,560ஆல் வகுத்தால் 1.355 கிலோவாட். கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்களுக்கு இது ஒன்றே போதும்: வாட் கிடைத்துவிட்டால், வோல்டேஜால் வகுத்துக் கரண்டையும் அதிலிருந்து தடையையும் எடுத்துவிடலாம்.

கருகிய பாயின்ட்டின் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ராடு போட்டதும் 221 வோல்ட் 218 ஆனது. அந்த 3 வோல்ட் வழியில் செலவாகிறது. 3ஐ 6.2ஆல் வகுத்தால் 0.48 ஓம், இது வழியில் உள்ள ஒயர்களின் தடை. இதற்கு நியாயமான கணக்கும் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். மீட்டர் போர்டிலிருந்து பாயின்ட்டுக்கு 18 மீட்டர், போய்த் திரும்ப 36 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 36 × 0.017 ÷ 1.5 = 0.41 ஓம். மீதி, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயருடையது. வீணாகும் சூடு 3 × 6.2, சுமார் 19 வாட். நீண்ட ஒயர் முழுவதும் பரவிவிடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அதே ராடையும் அதே ஜங்ஷன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள மற்ற பாயின்ட்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பின் வராந்தாவில் 221 வோல்ட் ஒரேயடியாக 211க்கு விழுந்தது. கரண்ட் 6.0 ஆம்பியர். 10ஐ 6ஆல் வகுத்தால் 1.67 ஓம். ஒயரின் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், எனவே அதற்குரிய 0.48ஐக் கழித்தால் கணக்கில் வராமல் 1.2 ஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது. இங்கேதான் கரண்டின் வர்க்கம் பேசுகிறது: 6 × 6 × 1.2 = 43 வாட்.

இந்த 43 வாட் 36 மீட்டருக்குப் பரவவில்லை. ஒரு தளர்ந்த திருகின் நுனியில், தீக்குச்சித் தலை அளவு இடத்தில் எரிகிறது. ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்தான். பிளாஸ்டிக் பாயின்ட்டுக்குள் அப்படி ஒன்றை வைத்துத் தினமும் இருபது நிமிடம் ஓடவிட்டால் என்ன ஆகும்? சூட்டில் பித்தளை கருத்து, துருப் படலம் ஏறி, தடை இன்னும் கூடும். தடை கூடினால் சூடும் கூடும். கருகும் பாயின்ட்டின் கதை இதுதான். ஃபியூஸோ எம்.சி.பி.யோ இதைத் தடுக்காது. கரண்ட் கூடவே இல்லையே, 6.2லிருந்து 6.0க்குக் குறைந்துதானே இருக்கிறது!

மெயினை நிறுத்தி, டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு அந்தப் பாயின்ட்டைத் திறந்தோம். நியூட்ரல் திருகு விரலாலேயே சுழன்றது. ஒயர் நுனியைப் புதிதாகச் சீவி இறுக்கியதும் 218க்குத் திரும்பியது. ராடு, கீசர், இண்டக்ஷன் அடுப்பு மாட்டும் பாயின்ட்களை வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுங்கள். ராடு போட்டதும் 5 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால், பழகிய வயர்மேனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. ராடை இப்போது 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் போடுகிறோம்.

இன்னொன்று. ஒரே ஜங்ஷன் பாக்ஸில் ராடோடு 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் மாட்டினால், அயர்ன் பாக்ஸின் தடை 52.9 ஓம், அது இழுப்பது 4.1 ஆம்பியர், ஆக மொத்தம் 10.3. கரண்ட் 1.66 மடங்குதான் ஆனது. ஆனால் தளர்ந்த இடத்தில் உண்டாகும் சூடு 2.76 மடங்கு.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இரண்டு இடங்கள்

பழைய குண்டு பல்பு ஒன்று. 60 வாட் பல்பு 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் இழுக்கும். தடை சுமார் 880 ஓம். அதே பல்பை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு மல்டிமீட்டரில் அளந்தால் 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டர் கெடவில்லை. டங்ஸ்டன் இழை வெள்ளைச் சூட்டில் இருக்கும்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. எந்த நிலையில் வேலை செய்கிறதோ அந்த நிலையில் அளந்ததே அதன் தடை. ஸ்விட்ச் போட்ட கணத்தில் பல்பு பீஸாவதும் இதனால்தான்: குளிர்ந்த இழை வழியாக முதல் கணம் பத்து மடங்குக் கரண்ட் பாய்கிறது.

இன்னொன்று மோட்டார். எங்கள் ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டார் 220 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 1430. இதை வாட் என்று எழுதினால் தவறு; வோல்ட்-ஆம்பியர் என்றுதான் சொல்ல வேண்டும். ஏசி மின்சாரத்தில் மோட்டாரின் சுருள், கரண்டை வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்க வைக்கிறது. அதனால் இழுத்த கரண்ட் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. அதேபோல 220ஐ 6.5ஆல் வகுத்து வரும் 34 ஓமும் சுருளின் மின்தடை அல்ல. சுருளை நேரடியாக அளந்தால் சில ஓம்கள்தான் வரும்.

உண்மையான வாட்டை இ.பி. மீட்டர் சொல்லும், அது ஏற்கெனவே இந்தப் பின்தங்கலைக் கணக்கில் எடுத்துத்தான் எண்ணுகிறது. மோட்டார் மட்டும் ஓடும்போது 20 மினுக்கலுக்கு 19.7 விநாடி ஆனது. 72,000ஐ 63,040ஆல் வகுத்தால் 1.142 கிலோவாட். 1142ஐ 1430ஆல் வகுக்க 0.80, இதுதான் அந்த மோட்டாரின் பவர் ஃபேக்டர். ஒரு எச்.பி. என்றால் 746 வாட்தானே என்று கேட்கலாம். அது மோட்டாரின் அச்சில் வெளியே வரும் வேலையின் அளவு. உள்ளே போவது 1142, அதில் 746 வெளியே வந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு; மீதி சுருளின் சூடாகவும் உராய்வாகவும் போகிறது. மேல்தொட்டி நிரம்ப எங்களுக்கு 40 நிமிடம் ஆகும். 1.142ஐ 40ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், ஒரு தொட்டித் தண்ணீருக்கு 0.76 யூனிட்.